அழுந்திக் கிடந்தால் ஸ்பிரிங் களைத்துப்போகுமா?

எஞ்சினை அணைத்துச் சாவியை உருவும்போது உள்ளே எல்லா வால்வுகளும் சமர்த்தாக மூடிக்கொள்வதில்லை. கேம் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நின்றதோ அதற்கேற்ப அவையும் அப்படியே நின்றுவிடும். நாலு சிலிண்டர் எஞ்சினை எந்த நொடியில் நிறுத்தினாலும் ஏதோ சில வால்வுகள் திறந்தேதான் இருக்கும். வால்வு திறந்திருந்தால் அதன் ஸ்பிரிங் அழுந்தியிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப்போகிறோம் என்றால் இதை யோசிக்கவே வேண்டாம். வண்டி இரண்டு வருடமாகப் போர்வை போர்த்தி ஷெட்டில் நிற்கிறது என்றால்? அந்த ஸ்பிரிங்குகளும் இரண்டு வருடமாக விடுதலை இல்லாமல் கிடக்கின்றன.

“அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி விடுங்க சார், இல்லேன்னா ஸ்பிரிங் உட்கார்ந்துடும்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. பேட்டரியை நினைத்துச் சொன்னால் அந்த அறிவுரையில் பொருள் இருக்கிறது. ஸ்பிரிங்கை நினைத்துச் சொன்னால் இல்லை. கடற்கரையில் பலூன் சுடவைக்கும் ஏர்கன்னைப் பற்றியும் இதே பயம் உண்டு: குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றிவைத்துவிட்டுச் சுடாமல் வைத்திருந்தால் வேகம் குறைந்துவிடுமோ? சுருக்கமான பதில்: ஒழுங்காகச் செய்த ஸ்பிரிங், அதற்கு விதித்த அளவுக்குள் அமுக்கப்பட்டு, சூடு அதிகம் படாமல் இருந்தால், அழுந்திக் கிடப்பதால் சொல்லும்படியாக எதுவும் ஆகாது. அமுங்கி விடுபட்டு, அமுங்கி விடுபட்டுத்தான் அது சாகும். அதுவும் எல்லா ஸ்பிரிங்கும் சாவதில்லை. சுருக்கமான பதிலிலேயே இத்தனை நிபந்தனைகள் நுழைந்துவிட்டன. விஷயமே அந்த நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

சுருள் ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி வளைகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அது முறுக்கிக்கொள்கிறது. நீளமான கம்பியின் ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையை முறுக்குவதும், அதே கம்பியைச் சுருளாகச் சுற்றி மேலிருந்து அமுக்குவதும், கம்பியைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே வேலைதான். ஐந்து சென்டிமீட்டர் ஸ்பிரிங் மூன்று சென்டிமீட்டராகக் குறுகுவது கண்ணுக்குப் பெரிய மாற்றம். ஆனால் அது கம்பியின் முழு நீளத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்படுகிறது. கடுமையாக உழைக்கும் ஸ்பிரிங்கில்கூட, கம்பியின் எந்த ஓரிடத்தை எடுத்துப் பார்த்தாலும், எஃகு தன் இயல்பு வடிவத்திலிருந்து ஒரு சதவீத அளவுக்குத்தான் சரிந்திருக்கும். இரும்பில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய கால் நானோமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு நகர்வு. எந்த அணுவும் பக்கத்து அணுவை விட்டுப் பிரியவில்லை. சற்றுச் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

சாய்ந்து நிற்பதற்கு அணு எதையும் செலவழிப்பதில்லை. நம் குழப்பமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. தண்ணீர் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாலும் ஐந்து நிமிடத்தில் கை கடுக்கிறது; தசை இறுகி நிற்கவே எரிபொருளை எரித்துக்கொண்டிருப்பதால் வரும் வலி அது. அந்த அனுபவத்தைத்தான் ஸ்பிரிங்கின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம். வாளியை ஓர் ஆணியில் மாட்டினால் ஆணி களைப்பதில்லை என்பது மட்டும் நமக்கு இயல்பாகப் படுகிறது.

அணுக்களுக்கு இடையிலான இந்தப் பிணைப்பின் விறைப்புதான் ஸ்பிரிங்கின் விறைப்பு. ராபர்ட் ஹூக் 1676-ல் ஒரு லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளை அகரவரிசையில் கலைத்துப்போட்டு, புதிராக வெளியிட்டார். வேறு யாராவது முந்திக்கொண்டால், ‘நான் அப்போதே சொல்லிவிட்டேன்’ என்று காட்டுவதற்காக. 1678-ல் விடையை அவரே அவிழ்த்தார்: எவ்வளவு நீட்சியோ, அவ்வளவு விசை. இந்த விகிதத்தை முடிவு செய்பவை கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, அப்புறம் எஃகுக்கே உரிய ஓர் எண். அந்த எண் ஏறக்குறைய 79 கிகாபாஸ்கல். மலிவான எஃகானாலும் உயர்ரக எஃகானாலும், பதம் போட்டதானாலும் போடாததானாலும், அது பெரிதாக மாறுவதில்லை. கேட்டால் நம்ப முடியாதுதான். ஒரே அளவில் செய்த மட்டமான ஸ்பிரிங்கும் உயர்ந்த ஸ்பிரிங்கும் கொஞ்சமாக அமுக்கும்போது ஒரே விசையோடுதான் எதிர்க்கும். விலை வித்தியாசம் தெரிவது, எவ்வளவு தூரம் வரை அமுக்கினால் முழுதாகத் திரும்பி வருகிறது என்பதில்.

‘பழைய ஸ்பிரிங், விறைப்பு போய்விட்டது’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் போனது விறைப்பல்ல, நீளம். முன்பு ஐந்து சென்டிமீட்டராக நின்றது இப்போது நாலரையாக நிற்கிறது. அதனால் மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வைத்தால் முன்போலத் தள்ளுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தால் அது பழையபடியே இருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: துரு. விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. துரு தின்று கம்பி ஐந்து சதவீதம் மெலிந்தாலே விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

ரயில்வேக்காரர்களுக்கு இது அன்றாடப் பாடம். பெரம்பூர் ஐ.சி.எஃப். வடிவமைப்புப் பெட்டிகள் தடித்த சுருள் ஸ்பிரிங்குகளின் மேல்தான் உட்கார்ந்து ஓடுகின்றன. பணிமனைக்குப் பெட்டி வரும்போது அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி, சோதனை எந்திரத்தில் வைத்து, குறித்த எடையை ஏற்றி, அந்த எடைக்குக் கீழே எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பார்ப்பார்கள். உயரத்தை வைத்து மூன்று பிரிவுகள். மஞ்சள், நீலம், பச்சை என்று வண்ணம் பூசி அடையாளம். ஒரு போகியில் ஒரே பிரிவு ஸ்பிரிங்குகளைத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி ஒரு பக்கம் சாயும். மூன்று பிரிவுக்கும் கீழே இறங்கிவிட்டதைக் கழித்துவிடுவார்கள். அங்கே யாரும் ஸ்பிரிங்கின் வயதை முதலில் கேட்பதில்லை, உயரத்தைத்தான் கேட்கிறார்கள்.

அந்த உயரம் எப்படிக் குறைகிறது? சாய்ந்த அணுக்கள் எல்லாம் நிமிர்ந்துவிட்டால் ஒரு மைக்ரோமீட்டர்கூடக் குறையக் கூடாதே. எஃகின் அணுக்கள் முழு ஒழுங்கோடு அடுக்கப்பட்டிருந்தால் குறையாதுதான். ஆனால் எந்த உலோகப் படிகத்திலும் அடுக்கு பிசகிய இடங்கள் உண்டு: ஒரு வரிசை பாதியில் நின்றுபோய், மேலும் கீழும் உள்ள வரிசைகள் அதைச் சமாளித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பிசகு, அழுத்தம் வந்தால் ஒவ்வொரு வரிசையாக நகரும். ஒரு முழு அணுத்தளத்தை ஒரேயடியாகத் தள்ளுவதற்குத் தேவையான விசையில் மிகச் சிறு பங்கே இதற்குப் போதும். ஜி.ஐ. டெய்லர், எகோன் ஓரோவான், மைக்கேல் போலானி ஆகிய மூவரும் 1934-ல் தனித்தனியாக இதைக் கண்டு சொன்னார்கள். பிசகு நகர்ந்த இடத்தில் அணுக்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடுகின்றன. அழுத்தத்தை எடுத்தாலும் பழைய வீட்டுக்குத் திரும்புவதில்லை. கண்ணுக்கு அதுதான் ‘ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது’.

ஸ்பிரிங் எஃகு செய்பவர்களின் திறமையெல்லாம் இந்தப் பிசகுகளை நகரவிடாமல் கட்டிப்போடுவதுதான். கார்பன், குரோமியம், வனேடியம், சிலிக்கான் சேர்ப்பது, பதம் போடுவது, கம்பியை அச்சுத் துளை வழியாக இழுத்து இழுத்து மெலியவைப்பது எல்லாம் அதற்காகத்தான். ஆனாலும் ஒன்றிரண்டு தளர்வாகவே இருக்கும். அமுக்கிய முதல் சில மணி நேரத்திலேயே அவை நகர்ந்து தடையில் முட்டி நின்றுவிடும். மிச்சமிருப்பவை உயரமான தடைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவை. வெப்பத்தால் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருப்பதால், எப்போதாவது ஒன்று தாண்டும். அடுத்தது தாண்ட இன்னும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

இதன் விளைவு விசித்திரமானது. சாதாரண வெப்பநிலையில் ஸ்பிரிங் இழக்கும் நீளம் காலத்தோடு நேராக ஏறுவதில்லை; மடக்கைக் கணக்கில் ஏறுகிறது. 1 மணியிலிருந்து 10 மணி வரை எவ்வளவு இழந்ததோ, 10-லிருந்து 100 மணி வரை ஏறக்குறைய அவ்வளவே இழக்கும். 100-லிருந்து 1000 வரை மறுபடி அவ்வளவே. 10,000 மணி என்பது ஒரு வருடத்துக்குச் சற்று மேல். ஒரு லட்சம் மணி என்பது பதினொரு வருடத்துக்குச் சற்று மேல். ஆக, முதல் நாள் ஒன்பது மணி நேரத்தில் இழந்த அதே துளியை இழக்க, ஓராண்டு முடிந்த ஸ்பிரிங்குக்கு இன்னும் பத்து வருடம் வேண்டும். அதற்கடுத்த துளிக்கு ஒரு நூற்றாண்டு. ஷெட்டில் நின்ற வண்டியின் வால்வு ஸ்பிரிங் இழக்க வேண்டியதைப் பெரும்பாலும் அது புதிதாக இருந்தபோதே இழந்து முடித்துவிட்டது.

விவரம் தெரிந்த உற்பத்தியாளர்கள் இந்த முதல் இழப்பைத் தங்கள் கூடத்திலேயே நடத்தி முடித்துவிடுவார்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் உயரமாகச் சுற்றி, சுற்றோடு சுற்று முட்டும் வரை சில தடவை முழுக்க அமுக்குவார்கள். ஸ்பிரிங் சரியான உயரத்துக்கு வந்து நிற்கும். அதன் பிறகு இறங்க மறுக்கும். முதலிலேயே சரியான உயரத்தில் சுற்றி அப்படியே விற்பவரிடம் வாங்கினால், அந்த இறக்கம் நம் வீட்டில் நடக்கும். புதிதாக வாங்கிய சோபா ஆறே மாதத்தில் குழி விழுவதற்குக் காலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மெல்லிய கம்பியை அதன் எல்லைக்கு மேல் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

சூடு இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். அணுக்கள் வேகமாக அதிர்ந்தால் பிசகுகள் தடைகளைச் சுலபமாகத் தாண்டும். சாதாரண பியானோ கம்பியில் செய்த ஸ்பிரிங்கை 120 டிகிரி செல்சியசுக்கு மேல் நம்ப முடியாது. எஞ்சின் எண்ணெயில் ஊறிக்கிடக்கும் வால்வு ஸ்பிரிங்குக்குக் குரோமியமும் சிலிக்கானும் சேர்ந்த எஃகு. 240 டிகிரி போல வரை தாங்கும். 500 டிகிரியைத் தாண்டினால் எஃகை விட்டுவிட்டு, இன்கோனல் போன்ற நிக்கல் கலவைகளுக்குப் போக வேண்டியதுதான்.

இனி இன்னொரு சாவு. இது உட்கார்ந்துபோவதல்ல, உடைவது.

1842 மே 8-ஆம் தேதி வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு ஒன்று முறிந்தது. விபத்திலும் தீயிலும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அண்டார்க்டிகா கரையின் ஒரு பகுதியைக் கண்டறிந்த ட்யூமோன் டியூர்வீலும் குடும்பத்தோடு மாண்டார். அந்தக் காலத்து அச்சுகள் தாங்க வேண்டிய எடையைவிடக் குறைவான எடையிலேயே, பல்லாயிரம் மைல் ஓடிய பிறகு, முன்னறிவிப்பில்லாமல் முறிந்துகொண்டிருந்தன. ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைக்கும் எந்திரங்களைக் கட்டி, எத்தனை தடவையில் முறிகின்றன என்று எண்ணினார். சுமை குறையக் குறைய எண்ணிக்கை ஏறியது. ஓர் அளவுக்குக் கீழே இரும்பு முறியவே இல்லை. கேம்பிரிட்ஜில் யூயிங்கும் ஹம்ஃப்ரியும் 1903-ல் ஸ்வீடன் இரும்பை மெருகேற்றி, முன்னும் பின்னும் வளைத்து, நடுநடுவே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் தோன்றி, அகன்று, கடைசியில் விரிசலாக மாறின. நாம் பார்த்த அதே அணுப் பிசகுகள்தான். ஒரே திசையில் அமுக்கிப் பிடித்தால் முட்டி நின்றுவிடுபவை, போக வர விட்டால் ஒரே தடத்தில் உரசி உரசிப் பள்ளம் பறிக்கின்றன.

நிற்பதும் வந்துபோவதும் எவ்வளவு வேறானவை என்பதைச் சாவி கொடுக்கும் ஒரு கைக்கடிகாரத்துக்குள்ளேயே பார்க்கலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. அதன் ‘ஜனதா’ நம் அப்பாக்கள் பலரின் மணிக்கட்டில் இருந்தது. அதற்குள் இரண்டு ஸ்பிரிங்குகள். தலைமுடி போன்ற ஹேர் ஸ்பிரிங், சமன் சக்கரத்தை நொடிக்கு இரண்டரை தடவை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. ஒரு நாளைக்கு 2,16,000 தடவை. வருடத்துக்கு ஏறக்குறைய 7.9 கோடி, நாற்பது வருடம் நிற்காமல் ஓடினால் 315 கோடி. அது உடைந்து நான் கேள்விப்பட்டதில்லை. ரிப்பேர்க்காரர் இடுக்கியால் இழுத்துக் கோணலாக்குவது, எண்ணெய் பட்டு ஒட்டிக்கொள்வது, துரு ஏறுவது இவைதான் அதற்கு வரும் கேடுகள்.

இன்னொன்று மெயின் ஸ்பிரிங். உலோகப் பட்டையாக ஒரு அடி, ஒன்றரை அடி நீளம். பித்தளை உருளைக்குள் சுருண்டு கிடக்கும். தினம் ஒரு முறை சாவி கொடுக்கிறோம், ஒரு நாளில் அவிழ்கிறது. நாற்பது வருடத்துக்கு வெறும் 14,600 தடவை. ஆனால் பழைய கார்பன் எஃகு மெயின் ஸ்பிரிங்குகள் படக்கென்று உடைவது கடிகாரக் கடைகளுக்குச் சோறு போட்ட வேலைகளில் ஒன்று. ஒன்று 315 கோடி ஆட்டத்தைத் தாங்குகிறது, மற்றொன்று சில ஆயிரத்தில் போகிறது. ஹேர் ஸ்பிரிங் தன் எல்லைக்கு வெகு கீழே, வோலர் கண்ட அளவுக்கும் கீழே ஆடுகிறது. மெயின் ஸ்பிரிங்கோ, குட்டி உருளைக்குள் ஒரு நாள் ஓட்டத்துக்கான ஆற்றலைத் திணிக்க வேண்டியிருப்பதால், தன் எல்லையின் விளிம்பிலேயே வேலை செய்கிறது. அதனால் அதற்கு இரண்டு சாவும் வரும். உருளையைத் திறந்து அதை மெல்ல வெளியே விடும்போது, நல்ல ஸ்பிரிங் விரிந்து மேசை முழுக்கப் பரவும். உட்கார்ந்துபோனது, உருளையை விட்டு வந்த பிறகும் உருளை அளவிலேயே சுருண்டு கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோபால்ட், நிக்கல் கலந்த உலோகங்கள் வந்த பிறகே மெயின் ஸ்பிரிங்குக்கு ஆயுள் கெட்டியானது.

உடைந்த சுருள் ஸ்பிரிங் கையில் கிடைத்தால் தூக்கிப் போடுவதற்கு முன் உடைந்த முகத்தைப் பாருங்கள். கம்பிக்குக் குறுக்காக நேராக உடைந்திருக்காது. 45 டிகிரி சாய்வாக இருக்கும். சாக்பீஸை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கினால் அதே சாய்வில்தான் உடையும். கம்பி முறுக்கத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த முகத்தில், பெரும்பாலும் சுருளின் உட்பக்க ஓரத்தில், ஒரு சின்ன வழவழப்பான பகுதி தெரியும். விரிசல் பிறந்து மெல்ல வளர்ந்த இடம் அது. மிச்சமெல்லாம் சொரசொரப்பு, கடைசி நொடியில் கிழிந்தது. உட்பக்கத்தில் ஏன்? சுருளின் உள்வளைவில் கம்பியின் நீளம் குறைவு. அதே முறுக்கலை அந்தக் குறைந்த நீளமே தாங்க வேண்டும்.

விரிசல் மேற்பரப்பில் பிறக்கிறது என்றால் மேற்பரப்பைப் பலப்படுத்தினால் போதும் அல்லவா? 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஜான் ஆல்மென் போன்றவர்கள் வால்வு ஸ்பிரிங்குகளின் மேல் சிறுசிறு எஃகுக் குண்டுகளைப் பொழிந்து பார்த்தார்கள். ஒவ்வொரு குண்டும் ஒரு நுண்குழி போடுகிறது. குழி போட்ட தோல் பரவப் பார்க்கிறது, அடியிலுள்ள உலோகம் விடுவதில்லை, எனவே தோல் நிரந்தரமாக நெருக்கப்பட்டே இருக்கிறது. நெருக்கப்பட்ட தோலில் விரிசல் வாய் திறக்க முடியாது. எவ்வளவு அடித்தோம் என்று அளக்க ஆல்மென் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய எஃகுப் பட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு பொழிந்தால் அது வில்லாக வளையும். எவ்வளவு வளைந்தது என்பதே அளவு. இன்றும் அதே பட்டைதான். நம்மூர் லாரிகளின் கமான் பட்டை முதல் விமானத்தின் சக்கரக் கால் வரை இந்தக் குண்டடி படாமல் வருவதில்லை.

ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கும் எத்தனை தடவை அமுங்கியிருக்கும்? சராசரி 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 2500 மணி நேரம். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் வால்வு ஆயிரம் தடவை திறக்கும். பெருக்கினால் 15 கோடி. வோலர் காலத்துக்குப் பின் பல பத்தாண்டுகள், ஒரு கோடி தடவை தாங்கிய எஃகு என்றென்றும் தாங்கும் என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நொடிக்கு 20,000 தடவை அதிரவைக்கும் மீயொலி எந்திரங்கள் வந்ததும் நூறு கோடி தடவையைப் பதினான்கு மணி நேரத்தில் எட்ட முடிந்தது. அப்போது தெரிந்தது, உயர்ரக எஃகுகள் ஒரு கோடியைத் தாண்டிய பிறகும் முறிகின்றன. மேற்பரப்பு பலமாக இருப்பதால் விரிசல் உள்ளே போய்ப் பிறக்கிறது: உருக்கும்போது சிக்கிக்கொண்ட, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே இருக்கும் அலுமினிய ஆக்சைடுத் துணுக்கில். அதைச் சுற்றி வட்டமாக வளர்ந்த விரிசல், முறிந்த முகத்தில் மீன்கண் போலத் தெரிவதால் ஆய்வாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். வால்வு ஸ்பிரிங் எஃகில் இன்று விலை கொடுப்பது பெரும்பாலும் அந்தத் தூசியை நீக்கிய சுத்தத்துக்குத்தான்.

சும்மா அழுந்திக் கிடந்தே உடைகிற ஸ்பிரிங்கும் ஒன்று உண்டு. கெட்டியாகப் பதம் போட்ட ஸ்பிரிங்கை அமிலத்தில் கழுவி, துத்தநாக முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடுகிறது. அந்த ஸ்பிரிங்கை அமுக்கி மாட்டி வைத்தால், யாரும் தொடாமலேயே சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உடைந்து விழும். முலாம் பூசிய கையோடு 200 டிகிரி போல அடுப்பில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் மிச்சம் பிடிப்பவர்களால்தான், ‘அழுந்திக் கிடந்தால் ஸ்பிரிங் போய்விடும்’ என்ற பேச்சுக்கு அவ்வப்போது உயிர் வருகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மற்றபடி, நல்ல ஸ்பிரிங்கில் வருடக்கணக்கான சுமை என்ன செய்கிறது என்பதை அளந்து பார்த்தவர்கள் புவியீர்ப்பு அளப்பவர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லூசியன் லகோஸ்ட், தன் ஆசிரியர் ஆர்னால்ட் ராம்பெர்க்கோடு சேர்ந்து 1930-களில் ஒரு சிறப்பு ஸ்பிரிங்கை உருவாக்கினார். அதில் தொங்கும் சிறு எடையை வைத்து, எண்ணெய் வயல் தேடுபவர்கள் இடத்துக்கு இடம் ஈர்ப்பில் வரும் கோடியில் ஒரு பங்கு மாற்றத்தைப் படிக்கிறார்கள். அந்த ஸ்பிரிங்குக்கு ஓய்வே இல்லை. செய்த நாளிலிருந்து இழுபட்டபடியே, ஒரே வெப்பநிலையில் காக்கப்பட்டுக் கிடக்கிறது. இவ்வளவு கூர்மையான கருவியில் ஸ்பிரிங்கின் நகர்வு நன்றாகவே தெரியும்: புதிய கருவியில் மாதத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. அதனால் சர்வே செய்பவர்கள் காலையில் தொடங்கிய இடத்துக்கே மாலையில் திரும்பி வந்து மறுபடி அளந்து, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்வார்கள். கருவிக்கு வயது ஏற ஏறக் கழிக்க வேண்டியதும் குறைந்துகொண்டே போகும். பல வருடம் இழுபட்டுக் கிடந்த ஸ்பிரிங் உள்ள பழைய கருவியைத்தான் அவர்கள் அதிகம் நம்புகிறார்கள்.